எனக்காக நிறுத்திவைத்த டிராக்டர்

இந்த நாட்டில் புல்லை வெட்டி எறிகிறார்கள். வந்த புதிதில் இதை நம்ப எனக்குக் கஷ்டமாக இருந்தது. விதை தூவி, உரம் போட்டு, மாலையில் குழாய் பிடித்துத் தண்ணீர் விட்டுப் புல்லை வளர்க்கிறார்கள். வளர்ந்ததும் ஒரு மெசினைக் கொண்டுவந்து வெட்டுகிறார்கள். வெட்டியதைச் சாக்கில் அடைத்துக் குப்பைக்குக் கொடுத்துவிட்டு மறுபடியும் தண்ணீர் விடுகிறார்கள். எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் முற்றத்தில் ஒரு புல் தலைகாட்டினால் அது அந்த வீட்டின் சோம்பலுக்கு அடையாளம். மாட்டுக்குப் புல் வேண்டுமென்றால் சந்தையில் கட்டுக் கணக்கில் வாங்குவோம். ஒரு கட்டில் எத்தனை பிடி இருக்கிறது என்று எண்ணிப் பார்க்காமல் நான் வாங்கியதில்லை. இங்கே மெல்பேர்னில் முதலில் நாங்கள் வாடகைக்கு இருந்த டண்டினோங் தெருவில், ஞாயிறு காலையானால் எல்லா வீட்டு முன்றலிலும் மெசின் இரையும். புல்லைத் தின்ன அந்தத் தெருவில் ஒரு ஆடுகூட இல்லையே என்று நான் யன்னலில் நின்று கவலைப்படுவேன்.

அடுத்த வருடம் அந்தக் கவலை எங்கள் தலையிலேயே விழுந்தது. என் மகன் யோகன் டண்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில் பொறியியலாளன். அவன் அம்மா காலமான பிறகு, நான் தனியாக இருக்கக்கூடாது என்று என்னை இங்கே கூப்பிட்டுக்கொண்டான். நகரத்துக்குள் வீட்டு விலை கட்டாது என்று, கிரான்பர்னுக்கு அப்பால் ஒரு பழைய பலகை வீட்டை ஐந்து ஏக்கர் காணியோடு வாங்கினான். ஐந்து ஏக்கர் என்றால் எங்கள் கணக்கில் எண்பது பரப்பு. கொக்குவிலில் எண்பது பரப்புக்குச் சொந்தக்காரன் என்றால் கோயில் திருவிழாவில் அவனுக்குத் தனி மரியாதை. இங்கே அது வெறும் புல். அந்த வருடம் வசந்தகால மழை விடாமல் பெய்தது. புல் என் இடுப்புவரை வந்தது. பிறகு வெயில் ஏறத் தொடங்கியதும் நுனி மஞ்சளித்தது. கோடை நெருப்புக்கு முன் புல்லை வெட்டவேண்டும், வெட்டாவிட்டால் தாங்களே ஆள் அனுப்பி வெட்டிச் செலவை அறவிடுவோம் என்று நகரசபையிலிருந்து அறிவித்தல் வந்தது. ஒருநாள் மருமகள் வசந்தி உடுப்புக் காயப்போடும் கம்பிக்குக் கீழே பாம்பைக் கண்டாள். அதற்குப் பிறகு பேத்தி நளினியை வாசற்படி தாண்ட விடவில்லை. யோகனிடம் இருந்தது கையால் தள்ளுகிற சிறிய மெசின். சனிக்கிழமைகளிலும் அவனுக்கு வேலை. மிஞ்சிய நேரத்தில் வெட்டுவான். அவன் ஒரு மூலையை முடித்து நிமிரும்போது, தொடங்கிய மூலையில் மறுபடி வளர்ந்திருக்கும்.

நான் இலங்கைப் புகையிரதப் பகுதியில் நிலைய அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசியாக வேலை பார்த்தது மதவாச்சியில். வருகிற வண்டி, போகிற வண்டி, பெட்டிகளின் எண்ணிக்கை என்று வாழ்ந்தவனுக்கு இங்கே எண்ணுவதற்கு வேலிக்கட்டைகளைத் தவிர ஒன்றுமில்லை. மகன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் இருப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆகவே, புல் வெட்ட ஒரு டிராக்டர் பார்ப்பது என் பொறுப்பு என்று நானே அறிவித்தேன். மாலை நடையின்போது ஓடைக்கு அப்பால் ஒரு தோட்டத்து வாசல் படலையில், சிறிய டிராக்டர் விற்பனைக்கு என்று கரியால் எழுதிய பலகையைக் கண்டுவைத்திருந்தேன்.

யோகனுக்கு ஓய்வு கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். வீட்டுக்காரரின் பெயர் லென். அறுபத்தைந்து வயது இருக்கும். கரட்டும் செலரியும் பயிரிட்டவர். முதுகு போய்விட்டதால் தோட்டத்தை விற்றுவிட்டு மகள் இருக்கும் குயின்ஸ்லாந்துக்குப் போகப்போவதாகச் சொன்னார். கொட்டகைக்குள் அந்த டிராக்டர் நின்றது. பயிர் வரிசைகளுக்கிடையில் ஓடுவதற்கென்று ஜப்பானில் செய்த குள்ளமான மெசின். பின்னால் புல் வெட்டுவதற்கு ஒரு தகரத் தட்டு. அதன் வயிற்றுக்குள் இரண்டு கத்திகள். லென் ஒரே திருப்பில் அதை உயிர்ப்பித்தார். சத்தம் சுத்தமாக இருந்தது. எண்ணெய் ஒழுக்கு இல்லை. எனக்கு உடனே பிடித்துவிட்டது. அவர் கேட்ட விலையும் நியாயமானதுதான். ஆனால் பிடித்ததையும் நியாயத்தையும் முகத்தில் காட்டுவது எங்கள் ஊர் வழக்கமில்லையே.

நான் சுற்றிச் சுற்றி நடந்தேன். இருக்கை கிழிந்திருக்கிறது என்றேன். கத்தி மழுங்கிவிட்டது என்றேன். அவற்றில் கொஞ்சமாவது உண்மை இருந்தது. கடைசியாக, இடதுபக்கப் பின்சக்கர ரயரின் உட்புறத்தில் வெடிப்பு இருக்கிறது, ஓடும்போது பிளந்தால் ஆபத்து என்றேன். அதில் உண்மை எதுவுமில்லை. வெடிப்பு எதையும் நான் காணவில்லை. லென் மிகுந்த சிரமத்தோடு குனிந்து, கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார்.

யோகன் என் காதருகே வந்தான். "அப்பா, நல்ல மெசின். பேசாமல் வாங்குவம்."

"நீ சும்மா இரு. வாங்கிற ஆள் அவசரம் காட்டக்கூடாது."

"இது சுன்னாகம் சந்தை இல்லை அப்பா."

"விக்கிறவனும் வாங்கிறவனும் நிண்டால் அது சந்தைதான்."

சந்தையில் இதற்கு ஒரு ஒழுங்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். பொருளைக் குறை சொல்லவேண்டும். பாதி விலை கேட்கவேண்டும். விற்கிறவர் முகத்தைச் சுளிப்பார். நாங்கள் விடைபெற்றுக்கொண்டு நடக்கவேண்டும். பத்து அடி போவதற்குள் பின்னாலிருந்து குரல் வரும். "ஐயா, இஞ்சை வாங்கோ, கடைசியாய் ஒரு விலை சொல்லுங்கோ." அந்தக் குரலுக்காகத்தான் நடப்பதே. ஆகவே, நான் லென்னுக்குக் கைகொடுத்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த என் ஆங்கிலத்தில் மரியாதையாக விடைபெற்றேன். "ஐ வில் கோ அன்ட் கம்" என்றேன்.

இலங்கையில் இங்கிலிஷ் படித்த எங்கள் தலைமுறையில் எல்லாரும் இப்படித்தான் சொல்வோம். எங்கள் பேச்சில் போட்டு வாறன், அதாவது போய்விட்டு வருகிறேன் என்பதை அப்படியே இங்கிலிஷில் போட்டது. கந்தோரில் பெரிய துரைக்கும் அதைத்தான் சொன்னோம், அவர்களும் பழகியிருந்தார்கள். அதில் பிழை இருக்கக்கூடும் என்று எனக்கு ஒருபோதும் பட்டதில்லை.

லென் என்னைக் கொஞ்சம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டி, "ரைட்டோ. ஐல் ஹோல்ட் ஹேர் ஃபோர் யூ" என்றார். அவளை உங்களுக்காகப் பிடித்து வைத்திருக்கிறேன் என்பது வார்த்தை. அந்த நேரம் பார்த்து அவருடைய மனைவி மேவிஸ் ஒரு கைத்தடியோடு வீட்டுப் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தார். கால் ஏலாத அந்த அம்மாவைத் தாங்கிப் பிடிக்கப் போகிறார், அதனால் எங்களை வழியனுப்ப வரமுடியாது என்கிறார் என்று நான் விளங்கிக்கொண்டேன்; கடைசியில் வந்த ஃபோர் யூவை நான் கவனிக்கவில்லை. இந்த நாட்டில் மெசினையும் அவள் என்றுதான் சொல்வார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. "பிளீஸ், பிளீஸ், ஹோல்ட் ஹேர்" என்று நானும் பரிவாகச் சொல்லிவிட்டு நடந்தேன்.

படலைவரைக்கும் மெதுவாக நடந்தேன். குரல் வரவில்லை. காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தாமல் சிறிது நேரம் இருந்தேன். லென் கொட்டகைக் கதவை இழுத்து மூடிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"கூப்பிடமாட்டார் அப்பா" என்றான் யோகன்.

"கூப்பிடமாட்டான். ஏன் தெரியுமே? எங்கடை நிறத்துக்கு அவன் விக்க விருப்பமில்லை. வெள்ளைக்காரன் வந்து நிண்டிருந்தால் பின்னாலை ஓடிவந்திருப்பான்."

யோகன் காரைத் திருப்பினான். மறுத்துப் பேசவில்லை. அவனுக்குத் தொழிற்சாலையில் சில அனுபவங்கள் உண்டு. என்னுடைய ஆத்திரம் அவற்றில் போய் ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு என் மாலை நடையை மறுபக்கத் தெருவுக்கு மாற்றிக்கொண்டேன். அந்தப் படலையைப் பார்க்கவும் எனக்கு விருப்பமில்லை. யோகன் தன்னோடு வேலை செய்யும் ஒருவர் மூலம் கூலிக்கு டிராக்டர் வைத்து வெட்டும் ஆளைப் பிடித்தான். அவர் வந்து எண்பது பரப்பையும் ஒரே நாளில் மொட்டையடித்துவிட்டுப் போனார். நகரசபைக்காரர் வந்து பார்த்துத் திருப்தியோடு போனார். நளினி வெளியே ஓடித்திரிந்தாள். அத்தோடு டிராக்டர் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நான் மட்டும் அதை முடியவிடவில்லை.

தீபாவளிக்குக் கிளேட்டனில் ஒரு தமிழர் வீட்டில் கூடினோம். மெல்பேர்னில் எங்கள் ஆட்களை இன்னும் விரல்விட்டு எண்ணலாம். நான் எண்ணினேன், குழந்தைகளோடு முப்பத்தொரு பேர். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் இளைஞர்கள் நால்வர், இந்தியத் தமிழ்க் குடும்பம் ஒன்று, மற்றவர்கள் யாழ்ப்பாணத்தார். பாயாசத்தில் போட உலர்ந்த தேங்காய்த்தூள்தான் கிடைத்தது, அதைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார்கள். வயதானவனுக்கு அந்தக் கூட்டத்தில் என்ன இருக்கிறது. கதிரையைக் காட்டி, "அங்கிள் இருங்கோ" என்பார்கள், தட்டைக் கையில் தருவார்கள், அதோடு சரி. அன்று யாரோ இந்த நாட்டுக்காரரின் நல்ல குணத்தைப் புகழ்ந்தார்கள். நான் தொண்டையைச் செருமி, டிராக்டர் கதையைத் தொடங்கினேன்.

நன்றாகச் சொன்னேன் என்று இப்போதும் எனக்குத் தெரியும். லென் என்னை ஏற இறங்கப் பார்த்தார் என்றேன். அவர் அப்படிப் பார்க்கவில்லை. எங்கள் முகத்துக்கு முன்னாலேயே கொட்டகைக் கதவை அடித்துச் சாத்தினார் என்றேன். குசினிக்குள் நின்ற பெண்களும் வாசலுக்கு வந்து கேட்டார்கள்.

ஆராய்ச்சி மாணவன் ஒருவன், "அங்கிள், அந்தாளின்ரை பேர் என்னெண்டு சொன்னீங்கள்?" என்றான்.

"லென். ஓடைக்கு அங்காலை செலரித் தோட்டக்காரன்."

இந்தியத் தமிழர், "எனக்கும் ஒரு வீட்டுக்காரன் இப்படித்தாங்க செஞ்சான். ரூம் காலியா இருக்குன்னு போன்ல சொன்னான், நேர்ல பாத்ததும் இல்லேன்னுட்டான்" என்றார். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் தங்கள் கதைகளைச் சொன்னார்கள். அவையெல்லாம் உண்மைக் கதைகள். அந்த உண்மைகளின் நடுவில் என்னுடையதும் சப்பணம் கட்டி உட்கார்ந்திருந்தது. போகும்போது எல்லோரும் வந்து என் கையைப் பிடித்தார்கள்.

கிறிஸ்மஸுக்குக் கொஞ்சம் முன்னால் ஒருநாள், ஊருக்கு எழுத வான்கடிதத் தாள் வாங்குவதற்காகத் தபால் கந்தோரில் வரிசையில் நின்றேன். கடிதம் என் மனைவியின் தம்பி சின்னத்துரைக்கு. கொக்குவிலில் என் வீட்டைப் பார்த்துக்கொள்வது அவன்தான். வீட்டை வாடகைக்கு விடும்படி நான் இரண்டு தரம் எழுதியிருக்கிறேன். நல்ல குடும்பங்கள் வந்து கேட்டும் இருக்கிறார்கள். அவன் கொடுக்கவில்லை. "அத்தான் வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர், வந்தால் எங்கை இருக்கிறது" என்று அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறான். சனிக்கிழமை தவறாமல் போய் யன்னல்களைத் திறந்து, கூட்டித் துடைத்து, மாலையில் பூட்டிவிட்டு வருகிறான். பெரிய பிடிவாதக்காரன் என்று அவன்மேல் எனக்குக் கோபம். அந்த முறை கொஞ்சம் கடுமையாகவே எழுத வேண்டும் என்று மனதுக்குள் வசனங்களை அடுக்கிக்கொண்டு நின்றேன்.

யாரோ கைத்தடியால் என் சப்பாத்தை மெதுவாகத் தட்டினார்கள். மேவிஸ்.

"நீங்கள்தானே? சுகமாக இருக்கிறீர்களா? லென் சரியாகப் பயந்துபோனார். உங்களுக்கு நோய் ஏதும் வந்துவிட்டதோ என்று இரண்டு தரம் ஓடைவரைக்கும் வந்து பார்த்தார். எந்த வீடு என்று அவருக்குத் தெரியவில்லை."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதற்காக என் சுகத்தை அவர் விசாரிக்கவேண்டும் என்று கேட்டேன்.

"டிராக்டர் நிற்கிறதே" என்றார் மேவிஸ். "போய்விட்டு வருகிறேன் என்று சொன்னீர்களே."

வான்கடிதம் வாங்காமலேயே வரிசையிலிருந்து விலகினேன். மேவிஸ் தங்கள் பழைய வாகனத்தில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். வழியில் அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. தோட்டத்துப் படலையில், விற்பனைக்கு என்றிருந்த பலகையில் விற்றாயிற்று என்று குறுக்கே எழுதப்பட்டிருந்தது. கொட்டகைக்குள் சுவரில் கருவிகள் தொங்கிய ஆணிகள் மாத்திரம் இருந்தன. எல்லாவற்றையும் வீட்டு வாசலிலேயே ஏலம் போட்டு விற்றுவிட்டார்கள். வெறும் நிலத்தின் நடுவில் டிராக்டர் கழுவித் துடைக்கப்பட்டு நின்றது. கிழிந்த இருக்கைக்கு லென் சாக்குத்துணியால் உறை தைத்துப் போட்டிருந்தார். கத்திகளைத் தீட்டியிருந்தார். இடதுபக்கப் பின்ரயர் புத்தம் புதியது. அதன் ரப்பர் மணம் கொட்டகை முழுவதும் இருந்தது.

"நீங்கள் சொன்ன வெடிப்பு எனக்குத் தெரியவில்லை" என்றார் லென். "என் கண்ணும் இப்போது அவ்வளவு நல்லதில்லை. எதற்கும் மாற்றிவிட்டேன். மேட்டில் ஏறும்போது உங்களுக்கு ஏதும் நடந்தால் எனக்கு நித்திரை வராது."

ஏலத்தன்று இரண்டு பேர் இதைக் கேட்டார்களாம். ஒருவர் இவர் சொன்ன விலையைவிடக் கூட்டியும் தருவதாக இருந்தாராம். அவள் போய்விட்டாள், ஓடைக்கு அப்பால் இருக்கும் கிழவருக்கு என்று சொல்லிவிட்டேன் என்றார். அதைச் சொல்லும்போது ஒரு குறையுமில்லாமல் சிரித்தார். வீடு கைமாற இன்னும் ஒரு வாரம்தான். இந்த ஒரு வேலை மாத்திரம் மிச்சம் இருந்ததால் கொஞ்சம் யோசனையாக இருந்தது, இப்போது சரி என்றார்.

நான் அந்தப் புது ரயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் வரிவரியாக மேடுகள் இருந்தன. வேறு நாளென்றால் எண்ணியிருப்பேன். நாளைக்கு மகனோடு வருகிறேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டு, இந்த முறை மெய்யாக வருவேன் என்று சேர்த்தேன். எந்த முறை பொய்யாகச் சொன்னேன் என்று லென்னுக்கு விளங்கியிருக்காது.

இரவுச் சாப்பாட்டு மேசையில் யோகனிடம் சொன்னேன். முதலில் அவன் சிரித்தான்.

"நீங்கள் என்னெண்டு சொன்னனீங்கள்? கோ அன்ட் கம் எண்டோ?"

"ஓம். வேறை எப்பிடிச் சொல்லுறது?"

சிரிப்பு மெல்ல நின்றது. "நானும் பக்கத்திலைதானே நிண்டனான். எனக்கும் அது ஒண்டும் வித்தியாசமாய்ப் படேல்லை. ஹோல்ட் ஹேர் எண்டு அவர் சொன்னதும் காதிலை விழுந்தது. நான் கவனிக்கேல்லை" என்றான். கோப்பையைத் தள்ளி வைத்தான். "ஆனால் அப்பா, புல்லு வெட்டியாச்சு. இப்ப மெசின் என்னத்துக்கு? வேண்டாம் எண்டு போய்ச் சொன்னால் அந்தாள் கோவிக்காது."

"கோவிக்காது. அதுதான் என்னாலை ஏலாமல் கிடக்கு."

வசந்தி அதுவரை பேசவில்லை. பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள். "மாமா, கிளேட்டனிலை சொன்ன கதை? அங்கை இருந்த எல்லாரும் அதைக் கொண்டுபோய்ப் பத்து இடத்திலை சொல்லியிருப்பினம். அதை ஆர் இனித் திருப்பி எடுக்கிறது?"

நல்ல மருமகள். குத்திக் காட்டுகிற குணம் அவளுக்கு இல்லை. உள்ளதைக் கேட்டாள். நான் கோப்பையைக் கழுவ எழுந்தேன்.

மறுநாள் மாலை, யோகன் வேலையால் வந்ததும், நளினியையும் தூக்கிக்கொண்டு மூவரும் லென் வீட்டுக்குப் போனோம். மேவிஸ் வெறும் வீட்டில் மிஞ்சியிருந்த ஐந்து கதிரைகளை வெளியே போட்டு, எங்களுக்குத் தேநீர் தந்தார். லென் டிராக்டர் சாவியை எடுத்து நீட்டினார். நான் தடுத்தேன். வாங்குவதற்கு முன் ஒரு விஷயம் சொல்லவேண்டும் என்றேன். எங்கள் பாஷையில் ஒருவரிடம் விடைபெறும்போது போகிறேன் என்று சொல்லமாட்டோம், அது கூடாத சொல், போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வோம், அன்று நான் சொன்னது குட்-பை மாத்திரம், திரும்பி வரும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை என்றேன். நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று நினைத்துத்தான் நடந்தேன் என்றேன். ரயரில் வெடிப்பு இருக்கவில்லை என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் இங்கிலிஷ் முழுவதும் எங்கோ ஓடிவிட்டது. யோகன்தான் முடித்துவைத்தான்.

லென் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நான் உங்கள் பின்னால் வந்து கூப்பிட்டிருக்கவேண்டுமா?"

"எங்கள் ஊரில் அப்படித்தான்."

"இங்கே அது மரியாதை இல்லை. வருகிறேன் என்று சொன்ன மனிதரைத் துரத்தினால், உங்கள் வார்த்தையை நம்பவில்லை என்றல்லவா ஆகும்" என்றார்.

மேவிஸ் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு கேட்டார். "அப்படியானால் திரும்பி வராமலே போகிறவர்கள் என்ன சொல்வார்கள்?"

யோகன் என்னைப் பார்த்தான்.

"அவர்களும் அதையேதான் சொல்வார்கள்" என்றேன்.

"அப்போது காத்திருக்கிறவருக்கு எப்படித் தெரியும்?"

வசந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதிரையை விட்டு எழுந்தாள். லென்தான் என்னைக் காப்பாற்றுவதுபோல, அதெல்லாம் கிடக்கட்டும், வேண்டாமென்றால் ஒரு குறையுமில்லை, யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்றார். வாங்குகிறோம் என்று யோகன் சொன்னான். அவன் அப்படிச் சொல்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முதலில் சொன்ன விலையையே லென் எடுத்தார். ரயருக்கென்று ஒரு சதமும் கூட்டி வாங்க மறுத்துவிட்டார். புல் இல்லாத காலத்திலும் வாரத்துக்கு ஒருமுறை கொஞ்ச நேரம் ஓடவிடவேண்டும், இல்லாவிட்டால் பற்றறி செத்துப்போகும் என்று என்னிடம் சொல்லித்தந்தார்.

கிளேட்டனில் சொன்னதை மாத்திரம் நான் லென்னிடம் சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்தது. அவருடைய பெயரை முப்பது பேர் முன்னிலையில் எடுத்தேன், அவர் செய்யாததைச் செய்ததாகச் சொன்னேன் என்று எந்தப் பாஷையில் சொல்வது? அவர் குயின்ஸ்லாந்துக்குப் போய்விட்டார். அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் சிலர் இதை வாசிக்கக்கூடும். உங்களுக்கு நடந்தவை நடந்தவைதான், அவற்றை நான் இல்லையென்று சொல்ல வரவில்லை. ஆனால் என்னுடைய கதையை அவற்றோடு சேர்த்துச் சொல்லாதீர்கள். அந்த மனிதர் கதவை அடித்துச் சாத்தவில்லை. மெதுவாகத்தான் மூடினார். உள்ளே என்னுடைய டிராக்டரை வைத்து மூடினார்.

இப்போது கோடை. புல் காய்ந்து தரையோடு கிடக்கிறது. டிராக்டருக்கு வேலையில்லை. சனிக்கிழமை காலையில் நான் எங்கள் வீட்டுப் பின்புறத் தகரக் கொட்டகைக்குப் போய், சாக்குத்துணி இருக்கையில் ஏறி இருந்து, மெசினை ஓடவிடுகிறேன். அது எங்கும் போகாமல் நின்ற இடத்தில் நின்று நடுங்குகிறது. சின்னத்துரைக்கு வான்கடிதம் வாங்கி வைத்திருக்கிறேன். சுகம் விசாரித்து மூன்று வரி எழுதியாயிற்று. நான்காவது வரியில், வீட்டை வாடகைக்கு விடு என்று எழுதினால் அவன் கேட்கமாட்டான். நான் வரமாட்டேன் என்று எழுதினால் கேட்பான். அந்தச் சொல்லை எழுதப் பேனா போகவில்லை. வருவேன் என்று எழுதவும் கை கூசுகிறது. இங்கே காலை பத்து மணி என்றால் அங்கே இன்னும் விடியவில்லை. இன்னும் சில மணி நேரத்தில் அவன் சாவிக்கொத்தோடு சைக்கிளில் வந்து, நான் இல்லாத வீட்டின் பதினொரு யன்னல்களையும் ஒவ்வொன்றாகத் திறப்பான்.